அதட்டல் இல்லாத கிளினிக்: தெற்குச் சென்னையில் ஒரு குடும்ப மருத்துவர்

டாக்டர் அறைக்குள் ஸ்டூல் வரிசை கிடையாது. சென்னைக் கிளினிக்குகளில் காத்திருந்து பழகியவர்களுக்கு இந்த ஒன்றே பாதி விமர்சனம். மற்ற இடங்களில் 14-ஆம் டோக்கன் பேசிக்கொண்டிருக்கும்போதே 15-உம் 16-உம் உள்ளே வந்து கதவோரம் உட்கார்ந்துவிடுவார்கள். 14-க்கு வெள்ளைப்படுதல் எத்தனை நாளாக இருக்கிறது என்பது மூன்று பேருக்கும் தெரியும். நேரம் மிச்சம் என்று ஒரு கணக்கு. விளைவு என்ன? 15-ஆம் டோக்கன் தன் முறை வந்ததும், வந்த காரணத்தை மாற்றிவிடுகிறது: "சும்மா தலைவலிதான் டாக்டர், மாத்திரை குடுங்க."

திருவான்மியூர்ப் பக்கம் மாடியில் இருக்கிற கிளினிக் இது. டாக்டர்கள் இருவர், ஒரு சிஸ்டர், வரவேற்பில் ஒருவர், செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வரும் மனநலக் கவுன்சிலர். அப்பாயின்ட்மென்ட் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது, பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. பழைய மனக்காயங்களைக் கணக்கில் எடுத்து, யாரையும் எடைபோடாமல் வைத்தியம் பார்ப்பது என்பதுதான் இவர்கள் சொல்லிக்கொள்ளும் கொள்கை. மனநலத்தையும் போதைப் பிரச்சினைகளையும் கவனிக்கும் அமெரிக்க அரசின் சாம்சா அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டியிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய அணுகுமுறை. சாரம் எளிது. உள்ளே வருகிறவர்களில் யார் அடி வாங்கியவர், யார் சிறுவயதில் சீண்டப்பட்டவர், யார் வெள்ளத்தில் வீட்டை இழந்தவர் என்று பார்த்தால் தெரியாது. ஆகவே எல்லோரையும் அப்படி ஒருவராக இருக்கக்கூடும் என்று எண்ணித் தொட வேண்டும், கேட்க வேண்டும், நிறுத்த வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு 'ட்ராமா-இன்ஃபார்ம்டு கேர்' என்று பெயர்; எலும்பு முறிவுக்கான ட்ராமா வார்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கொள்கை எழுதி மாட்டுவது சுலபம். இந்த இடத்தில் அது பி.பி. பார்க்கக் கையில் சுற்றும் கஃப் வரைக்கும் இறங்கியிருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. பெரும்பாலும் இறங்கியிருக்கிறது. சறுக்கும் இடங்களும் உண்டு. அவற்றில் ஒன்று சின்னதல்ல.

திட்டாமல் இருப்பதை வெறும் நல்ல குணமாக நினைப்பவர்கள் உண்டு. சர்க்கரை நோயாளி ரத்தப் பரிசோதனைக்குத் தயாராகும் விதத்தைக் கவனித்தால் அந்த எண்ணம் மாறும். போன தடவை "ஸ்வீட் சாப்பிட்டீங்களா? சொன்னா கேக்க மாட்டீங்களா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர், அடுத்த டெஸ்ட்டுக்கு மூன்று நாள் முன்பே கஞ்சியும் பாகற்காயுமாகப் பத்தியம் இருப்பார். வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக வரும். மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி மட்டும் எகிறி நிற்கும். உடனே "பொய் சொல்றீங்க" என்று அடுத்த திட்டு. ஆனால் இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தாலும் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். நம் ஊர்ப் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்று சொல்ல வேண்டியதில்லை. எச்பிஏ1சி-யும் வீட்டு அளவும் ஒத்துவராதபோது இந்தக் கிளினிக்கில் முதலில் ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள். இன்சுலின் போடுபவரென்றால், அனுமதி கேட்டு வயிற்றைத் தடவிப் பார்க்கிறார்கள். ஒரே இடத்தில் ஊசி குத்திக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி தட்டும். அங்கே போட்ட மருந்து ஒழுங்காக ரத்தத்தில் சேராது. டோஸை ஏற்றினாலும் சர்க்கரை இறங்காது. அதட்டுகிற டாக்டர் இந்தக் கட்டியை ஆயுசுக்கும் கண்டுபிடிக்க மாட்டார், ஏனென்றால் குற்றவாளி யார் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

மாத்திரை பற்றிய கேள்வியும் அப்படியே. "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றால் தமிழ்நாட்டில் ஒரே பதில்தான்: "ஆமாங்க." இங்கே கேட்பது: "எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு நாள் விட்டுப்போகும். போன வாரம் எத்தனை நாள் விட்டுச்சு?" எண்ணிக்கை வந்துவிடுகிறது. எதனால் விட்டது என்று அடுத்து பேசலாம்: வயிற்றைப் புரட்டுகிறதா, காசில்லையா, நைட் ஷிப்டா.

குடி விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. "குடிப்பீங்களா?" என்று முகத்தைச் சுளித்துக் கேட்டால், மனைவி பக்கத்தில் இருக்க, "எப்பவாவது ஃபங்ஷன்ல" என்பார். இங்கே கேள்வி நேராக அளவுக்குப் போகிறது: "ஒரு நாளைக்கு குவார்ட்டரா, ஹாஃபா? கடைசியா எப்ப எடுத்தீங்க?" 42.8 சதவீத மதுவில் 180 மில்லி குவார்ட்டர் என்றால் சுமார் 61 கிராம் ஆல்கஹால்; 10 கிராமை ஓர் அலகாகக் கொண்டால் ஆறு அலகு. 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டிலில் இரண்டரை அலகு. தினமும் ஹாஃப் அடிப்பவர் காய்ச்சலோ ஆபரேஷனோ என்று படுத்து, திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கை நடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு, அதைத் தாண்டினால் ஆள் அடையாளம் தெரியாத பிதற்றல் என்று போகலாம். உண்மையான அளவைச் சொல்லியிருந்தால் முன்கூட்டியே மருந்து போட்டு, க்ளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்துத் தடுத்திருக்கக்கூடியது. "இன்னிக்கே விட்டுடுங்க" என்று தினக் குடிகாரரிடம் நல்லெண்ணத்தோடு சொல்வதும் ஆபத்தே. இந்த டாக்டர்கள் அப்படிச் சொல்வதில்லை. குறைக்கும் திட்டத்தை எழுதிக் கொடுக்கிறார்கள், நடுக்கம் வந்தவர்களை அட்மிஷனுக்கு அனுப்புகிறார்கள்.

வாசலுக்குத் திரும்புவோம். வரவேற்பு மேசையில் "என்ன பிரச்சினை?" என்று கூடத்துக்கே கேட்கும் குரலில் விசாரிப்பது கிடையாது. ஓர் அட்டை நீட்டுகிறார்கள்: காய்ச்சல்/சளி, வலி, ரிப்போர்ட் காட்ட, மற்றவை டாக்டரிடம். விரல் வைத்துக் காட்டினால் போதும். பதிவுச் சீட்டில் எந்தப் பெயரில் கூப்பிடலாம் என்று ஒரு வரி. கூப்பிடுவது டோக்கன் எண்ணில்தான். முழு முகவரி கேட்பதில்லை, பின்கோடு மட்டும். குடிசைப் பகுதி மக்களைக் குடியமர்த்திய கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று முகவரி சொன்னதும் எதிரே இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஒரு வரியின் அருமை தெரியும். "வாங்க, உட்காருங்க" எல்லோருக்கும் ஒன்றுதான். வீட்டு வேலை செய்யும் அம்மாவை "வா, என்ன ஆச்சு உனக்கு" என்றும், கார் சாவியோடு வருபவரை "சொல்லுங்க சார்" என்றும் கூப்பிடும் பழக்கம் இங்கே காதில் விழவில்லை. பதினைந்து வயதுப் பையனுக்கும் "நீங்க"தான். அவன் கொஞ்சம் நெளிகிறான், பரவாயில்லை.

மொபைல் எண் எழுதும்போது ஒரு துணைக் கேள்வி: "இந்த போன் யார் கையில இருக்கும்? மெசேஜ் அனுப்பலாமா, கூப்பிடலாமா, ரெண்டும் வேண்டாமா?" குடும்பத்துக்கே ஒரு ஸ்மார்ட்போன் என்ற வீடுகளில், நினைவூட்டல் மெசேஜ் ஒன்றே வீட்டில் சண்டைக்குப் போதும்.

கூட வந்தவர்களைக் கையாளும் முறை நன்றாகவே அமைந்திருக்கிறது. மாமியார், கணவர், அண்ணன் என்று யார் வந்தாலும் முதல் ஐந்து நிமிடம் நோயாளி மட்டும். "எல்லாருக்கும் இதுதான் வழக்கம், அப்புறம் உங்களைக் கூப்பிடுறோம்" என்று வரவேற்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். எல்லாருக்கும் என்பதுதான் முக்கியம். சந்தேகப்பட்டு ஒருவரை மட்டும் தனியே கூப்பிட்டால், வீடு போனதும் "உள்ள என்ன சொன்ன?" என்று விசாரணை நடக்கும், அடி வாங்குகிறவளுக்கு அது இன்னொரு அடி. அந்த ஐந்து நிமிடத்திலும் வீட்டு வன்முறையைப் பற்றி எல்லோரிடமும் கேள்விப் பட்டியல் ஓட்டுவதில்லை. 2013-இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியும் அதைப் பரிந்துரைக்கவில்லை. காயமோ, காரணம் புரியாத தொடர் வலியோ, தூக்கமின்மையோ இருக்கும்போது, தனிமையும் அடுத்து அனுப்ப இடமும் இருந்தால் கேட்கச் சொல்கிறது. கேட்டு, ஆமாம் என்று வந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்நிறுவனம் சொல்லும் வரிசையை இவர்கள் ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள்: குறுக்கிடாமல் கேட்பது, இப்போது என்ன தேவை என்று விசாரிப்பது, "இது உங்க தப்பு இல்ல" என்று சொல்வது, இன்று இரவு வீட்டுக்குப் போனால் ஆபத்தா என்று பார்ப்பது, யாரிடமாவது சேர்ப்பது. "ஏன் இவ்வளவு நாள் பொறுத்துக்கிட்டீங்க?" என்ற கேள்வி வருவதில்லை. "குழந்தைக்காக அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்பதும் வருவதில்லை. இந்த இரண்டும் இல்லாத டாக்டர் அறையைச் சென்னையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காயத்தைப் பதிவு செய்வது கச்சிதம். உடல் வரைபடத்தில் இடம், சென்டிமீட்டரில் அளவு, நிறம், எப்போது நடந்தது, நோயாளியின் சொற்கள் மேற்கோளில். "கீழே விழுந்ததாகக் கூறப்படுகிறது" என்பது போன்ற சந்தேகம் தொனிக்கும் வாக்கியங்கள் இல்லை. பின்னால் வழக்கு என்று போனால் இந்தச் சீட்டுதான் பேசும். 181 பெண்கள் உதவி எண்ணை விசிட்டிங் கார்டில் தருவதில்லை, மருந்துச் சீட்டில் மாத்திரைப் பெயர்களுக்கு நடுவில் எழுதித் தருகிறார்கள். பையைத் துழாவுகிறவர் கண்ணில் படாது.

ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதை முன்னாலேயே சொல்வது நேர்மை. 18 வயதுக்குக் கீழே இருப்பவர் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி டாக்டர் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தை எல்லாவற்றையும் கொட்டிய பிறகு "நான் போலீஸுக்குச் சொல்லணுமே" என்றால் அது துரோகமாகத்தான் படும். இங்கே வளரிளம் பருவத்தினரிடம் பேச்சு தொடங்குமுன்பே, எது இந்த அறையில் நிற்கும், எது நிற்காது என்று மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார்கள்.

உடல் பரிசோதனைக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலான கிளினிக்குகள் கோட்டை விடுகின்றன.

பி.பி. பார்க்குமுன் "கையை இறுக்கும், அரை நிமிஷம், வேண்டாம்னா உடனே காத்தை விட்டுடுறேன்" என்று சிஸ்டர் சொல்கிறார். கையைப் பிடித்து அமுக்கப்பட்ட அனுபவம் உள்ளவருக்கு அந்த இறுக்கமே நெஞ்சைப் படபடக்க வைக்கும், அளவு கூடும், தேவையில்லாத மாத்திரை ஏறும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுக்கிறார்கள். கஃப் இரண்டு அளவில் இருக்கிறது. புஜச் சுற்றளவு 32 சென்டிமீட்டருக்கு மேலே போனால் சாதாரண கஃப் பி.பி.யைக் கூட்டிக் காட்டும். பெரிய கஃப் வேண்டும். "கை குண்டா இருக்கு, கஃப் பத்தல" என்று சொல்லாமல் பெரியதை எடுத்து மாட்டுவதில் என்ன சிரமம்? இங்கே ஒரு சிரமமும் இல்லை. எடை மெஷினும் நடைபாதையில் இல்லை, தடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. எடையை உரக்கப் படிப்பதில்லை. சளிக்கு வந்தவரை மெஷினில் ஏற்றுவதும் இல்லை. குழந்தைகளுக்கான டோஸ், இதயச் செயலிழப்பில் நீர் கோப்பது, காரணமில்லாமல் இளைப்பது என்று எடை உண்மையிலேயே வேண்டியபோது மட்டும் காரணம் சொல்லிக் கேட்கிறார்கள்.

ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைக்குமுன் டாக்டர் பக்கவாட்டில் வந்து நிற்கிறார், பின்னாலிருந்து கை வருவதில்லை. ஊசியும் அப்படி. டெட்டனஸ் வெறும் அரை மில்லி, புஜத்தில் போட்டால் போதும். இடுப்புத் துணியை இறக்கச் சொல்ல மருத்துவக் காரணமே கிடையாது. வலிக்குப் போடும் 3 மில்லி டைக்ளோஃபெனாக் ஊசிதான் பின்தசையில் ஆழமாகப் போக வேண்டியது. அதற்குப் பதில் மாத்திரை போதுமா என்று முதலில் கேட்கிறார்கள், பெரும்பாலும் போதும்.

ரத்தம் எடுக்கும்போது கையில் பழைய கீறல் தழும்புகள் தெரிந்தால் சிஸ்டர் எதுவும் சொல்லாமல் மற்ற கையைக் காட்டலாமா என்று மட்டும் கேட்கிறார். புதிய வெட்டென்றால் மற்ற எந்த வெட்டையும் போலத்தான்: சலைன் கழுவல், மரத்துப்போக லிக்னோகைன், தையல், டெட்டனஸ். "தானா வெட்டிக்கிட்டதுக்கு வலி தெரியட்டும்" என்று மருந்தில்லாமல் தைக்கும் குரூரம் சில கேஷுவால்ட்டிகளில் நடப்பதுண்டு. அது தண்டனை, வைத்தியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. சட்டமும் இப்போது வேறு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது. பராமரிக்கும் கடமையை அரசின் மேல் வைக்கிறது.

பிறப்புறுப்பை விரித்துக் கருப்பைவாயைப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவிப் பரிசோதனையில் இவர்கள் எடுக்கும் நிதானத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். பேச்சு முழுதும் உடை மாற்றுவதற்கு முன்பே, நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து முடிந்துவிடுகிறது. கருவியைக் கையில் கொடுக்கிறார்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக், சிறியதிலிருந்துதான் தொடக்கம். கூட யார் நிற்கலாம் என்று நோயாளியே தீர்மானிக்கிறார். சேலையோ நைட்டியோ கழற்ற வேண்டியதில்லை, உள்ளாடை மட்டும். முழங்கால் வரை போர்வை. கால்களைத் தூக்கிக் கொக்கியில் மாட்டுவதில்லை, பாதங்கள் படுக்கையிலேயே. தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி, டாக்டரின் முகம் தெரியும்படி. கையைத் தூக்கினால் நிறுத்தம், காரணம் கேட்பதில்லை. விருப்பமிருந்தால் கருவியின் நுனியை நோயாளியே உள்ளே வைத்துக்கொள்ளலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பின்பக்கமாகச் சாய்த்து நுழைக்கிறார்கள், முன்பக்கம் அழுத்தினால் சிறுநீர்க்குழாய் வலிக்கும். வெளியே எடுக்கும்போது முழுக்க மூடிவிடாமல் சிறிது திறந்தே இழுப்பது முக்கியம். மூடிக்கொண்டே இழுத்தால் தசையைக் கிள்ளும். "காலை விரிங்க" என்பதற்குப் பதில் "முட்டியை ரெண்டு பக்கமும் மெதுவா சாய விடுங்க". "ரிலாக்ஸ் பண்ணுங்க" கிடையாது. "கொழந்த பெத்தவங்களுக்கு இதெல்லாம் ஒரு வலியா" கிடையவே கிடையாது.

இவற்றைவிட மேலானது, மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதது. பழைய கொடுமையின் நினைவு மேலே வரும்போது பலர் கத்துவதில்லை, உறைந்துபோவார்கள். மூச்சு நின்று நின்று வரும், கண் மேற்கூரையில் ஓரிடத்தில் குத்தி நிற்கும், கால் விரல்கள் மடங்கும், கேட்ட கேள்விக்குப் பதில் வராது. அவசரமுள்ள டாக்டருக்கு இது "ஒத்துழைக்கும் நோயாளி". இங்கே அந்த அறிகுறி தெரிந்ததும் கருவி வெளியே வந்துவிடுகிறது. உட்கார வைத்து, பாதம் தரையில் பட, குளிர்ந்த தண்ணீர் ஒரு டம்ளர். இன்று எந்தக் கிழமை, இங்கே எப்படி வந்தீர்கள் என்று சாதாரணப் பேச்சு. ஆறுதலுக்கென்று கையைப் பிடிப்பதில்லை, கேட்காமல்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்பவர்களுக்கு, அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை உண்டு, பஞ்சுக்குச்சியைப் பாத்ரூமில் தானே உள்ளே வைத்துச் சுழற்றி எடுத்துத் தரலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதையே முதன்மைச் சோதனையாகப் பரிந்துரைத்தது, 30 வயதிலிருந்து ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை. பாசிட்டிவ் வந்தால் அப்புறம் டாக்டர் பார்த்தாக வேண்டும் என்பதையும் குச்சி கொடுக்கும்போதே சொல்கிறார்கள். செலவு கூடுதல்தான்.

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்வி இங்கே ஒழிந்திருப்பது பெரிய ஆறுதல். கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டா என்று தெரிந்துகொள்ள நம் ஊரில் கேட்கப்படும் கேள்வி அது. கல்யாணமாகாதவர் "இல்லை" என்பார், கர்ப்பம் கருக்குழாயில் தங்கியிருப்பது வயிற்று வலி மாத்திரையோடு வீட்டுக்குப் போய்விடும். நேராகக் கேட்கிறார்கள்: "கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா? டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாமா?" அவசரக் கருத்தடை மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், கிளினிக்கிலேயே இருக்கிறது. சென்னை மெடிக்கல் ஷாப்களில் அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், "இல்ல" என்ற பதிலும் ஏற இறங்கப் பார்க்கும் பார்வையும்தான் கிடைக்கும். 72 மணி நேரக் கெடுவில் அலைய வைத்தால் மாத்திரையின் பலன் மணிக்கு மணி குறையும். எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் நேர்ந்திருந்தால் அதே 72 மணிக்குள் தடுப்பு மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அதற்கு ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி, எங்கே போய்க் கேட்பது என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். கருக்கலைப்பு இங்கே செய்வதில்லை. ஆனால் 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை என்பதைப் பரிந்துரைக் கடிதத்திலேயே குறிப்பிடுகிறார்கள். அனுப்பப்படும் இடங்கள் கையெழுத்து கேட்டு அலைக்கழிப்பதைத் தடுக்க இது தேவைப்படுகிறது.

திருநங்கைகளிடமும் திருநம்பிகளிடமும் வந்த நோயைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். காய்ச்சலுக்கு வந்தவரிடம் ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று கேட்பதில்லை. ஹார்மோன் எடுப்பவரின் ஹீமோகுளோபின், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் அளவுகளை லேப் அச்சடித்த ஆண்/பெண் வரம்போடு அப்படியே ஒப்பிடக்கூடாது என்பதும் தெரிந்திருக்கிறது. மகனையோ மகளையோ "மாத்திக் குடுங்க" என்று அழைத்து வரும் பெற்றோருக்கு, பாலின அடையாளத்தையோ ஈர்ப்பையோ மாற்றுவதாகச் சொல்லி 'மாற்று சிகிச்சை' என்ற பெயரில் நடப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் கண்டித்ததையும், தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனமாக்கியதையும் சொல்லி, பெற்றோருக்கே கவுன்சிலரிடம் நேரம் கொடுக்கிறார்கள்.

இனி சறுக்கல்கள். முதல் வருகைப் படிவத்தில் சிறுவயதுக் கொடுமைகள் பற்றி ஆமாம்/இல்லை என்று டிக் அடிக்கும் பத்துக் கேள்விகள். வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 1998-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்விலிருந்து கிளைத்தவை. சிறுவயதுத் துயரங்களும் பிற்கால இதய நோய், மனச்சோர்வு போன்றவையும் சேர்ந்து வருவதைப் பெருந்திரளான மக்களில் காட்டிய ஆய்வு அது. தனி மனிதருக்கு மதிப்பெண் போட ஏற்பட்டதல்ல. ஆண்டாவே 2020-இல் இதை எச்சரித்து எழுதினார். இருமலுக்கு வந்தவரிடம், டாக்டரின் முகத்தைக்கூடப் பார்க்குமுன், "வீட்டில் யாராவது உங்களைத் தகாத முறையில் தொட்டதுண்டா" என்று காகிதத்தில் கேட்பது, மற்ற எல்லாவற்றிலும் இவர்கள் காட்டும் நிதானத்துக்கு நேர் எதிர். "ஆமாம்" என்று டிக் அடித்தவருக்கு அன்று வழங்க எதுவும் இல்லை, கவுன்சிலர் செவ்வாயோ வெள்ளியோதான் வருவார். பழைய கதை தெரிந்தால்தான் பக்குவமாகத் தொட முடியும் என்றில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடலாம். வேண்டாமென்றால் காலியாக விடலாம் என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. கிளிப் போர்டில் மாட்டிக் கையில் கொடுத்த காகிதத்தை நம்மவர்கள் காலியாக விட மாட்டார்கள்.

அதே கிளினிக்கில் பி.ஹெச்.க்யூ-9 மனச்சோர்வுப் படிவத்தைச் சரியாகக் கையாள்வது வேடிக்கை. சிஸ்டர் அறையில் தனியாக, படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி. ஒன்பது கேள்வி, 27 மதிப்பெண், 10-ஐ எட்டினால் டாக்டர் விரிவாகப் பேசுவார். மொத்தத்தைக் கூட்டுமுன் சிஸ்டர் ஒன்பதாவது கேள்வியைத்தான் பார்க்கிறார். செத்துப்போகலாம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் பற்றியது அது. அதில் பூஜ்யம் தவிர எது இருந்தாலும், மொத்தம் நான்கே வந்தாலும், டாக்டரைப் பார்க்காமல் ஆள் படியிறங்குவதில்லை. அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸையும், 1986-இலிருந்து சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண்ணையும் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

இரண்டாவது ஓட்டை லேப். ரத்தத்தை வெளி லேப்புக்கு அனுப்புகிறார்கள். அந்த லேப் ரிப்போர்ட்டை நேரே வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுகிறது, பதிவிலிருக்கும் எண்ணுக்கு. வரவேற்பில் அவ்வளவு கவனமாகக் கேட்ட கேள்வி அங்கே எட்டவில்லை. எச்.ஐ.வி. பரிசோதனையை மட்டும் மூடிய உறையில் வாங்கிக்கொள்கிறார்கள், 2017 எச்.ஐ.வி. சட்டம் ரகசியத்தைக் கட்டாயமாக்கியிருப்பதால் அதில் தவறில்லை. கர்ப்பப் பரிசோதனைக்கும், சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான வி.டி.ஆர்.எல்.லுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே பரிசோதனை கொடுப்பவர்கள் கிளினிக்கின் எண்ணையே ரிப்போர்ட் எண்ணாகப் போடச் சொல்லிவிடுவது நல்லது. கேட்டால் செய்கிறார்கள்.

மூன்றாவது, கட்டடம். மாடி, லிஃப்ட் கிடையாது. பரிசோதனைப் படுக்கைக்கும் டாக்டர் மேசைக்கும் நடுவே திரைதான், சுவரில்லை. கவுன்சிலர் அறையின் பேச்சு காத்திருப்புக் கூடத்தில் விழாமலிருக்க ஃபேனை வேகமாக வைக்கிறார்கள். ஃபேன் சத்தத்தை நம்பி மனசைத் திறப்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

முதல் முறை 700 ரூபாய், அரை மணி. மறுமுறை 400, கால் மணி. அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு எட்டாது. ஆனால் மேலே சொன்னவற்றில் காசு கேட்பவை மிகக் குறைவு. ஸ்டூல் வரிசையை வெளியே எடுப்பது, புஜத்தில் ஊசி, பக்கவாட்டில் நின்று ஸ்டெதஸ்கோப், "எத்தனை நாள் விட்டுச்சு" என்ற கேள்வி எல்லாம் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நாளைக் காலை தொடங்கக்கூடியவை. ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் கிடைக்கிற இடத்தில் முப்பது நிமிடப் பேச்சுக்கு வழியில்லை. மூன்று நிமிடத்தைத் திட்டில் செலவழிக்காமல் இருக்க வழியுண்டு.

போகிறவர்களுக்கு: திங்கள் முதல் சனி வரை மாலை வேளைதான் நல்ல நேரம். ஞாயிறு காலை வரவேற்பில் வேறொருவர் இருக்கிறார்; அட்டையை நீட்டாமல் "எதுக்கு வந்தீங்க?" என்று உரக்கவே கேட்கிறார். பழைய ரிப்போர்ட் எதுவுமில்லாமல் போனாலும் திட்டு விழாது, மாத்திரை அட்டைகளை மட்டும் கையோடு எடுத்துப் போங்கள். பெண் டாக்டர்தான் வேண்டும் என்றால் போனில் சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டார்கள். செவ்வாய், வெள்ளி கவுன்சிலர் நேரம் இரண்டு வாரத்துக்கு முன்பே நிரம்பிவிடுவதால் அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: படி இருபத்திரண்டு, கைப்பிடி ஒரு பக்கம்தான்.